அறுக்காத நூல்

பூவில் ஆறு இதழ்கள் இருந்தன. கற்பகவல்லி பின்னியது ஐந்து.

முதலில் அவள் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மத்தியானம் இரண்டு மணி. விஸ்வநத்தத்து வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வழியாக இறங்கி வீட்டுக்குள் இருந்த ஒவ்வொரு பொருளின் தலையிலும் கைவைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து தாளிதத்தின் வாசனையும், கொடியில் காய்ந்த சேலைகளின் சோப்பு வாசனையும், எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரில் யாரும் கேட்காத பட்டாசு மருந்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து அசையாமல் நின்றன. அவள் துணி மாட்டிய மரவளையத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, இதழ்களை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆறு. எதிர்ப்பக்கமிருந்து எண்ணினாள். ஆறு.

துணியோடு படிந்து கிடக்கும் தையல் என்றால், ஏதோ ஓர் இழை தப்பி விழுந்துவிட்டது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லலாம். இது அப்படிப்பட்ட தையல் இல்லை. இதழின் நீளத்துக்கு ஒரு குண்டூசியைத் துணியில் குத்தி, அதன் கொண்டையில் நூலை மாட்டி மூன்று இழைகளாக இறக்கி, அந்த மூன்றுக்கும் நடுவே தையலூசியை மேலே, கீழே, மேலே என்று நுனியிலிருந்து அடிவரை நெய்துகொண்டு வரவேண்டும். முடிந்ததும் குண்டூசியை உருவிவிட்டால், இதழ் அடியில் மட்டும் துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். ஒன்றுக்குக் கால் மணி நேரம். கைதவறி ஒருத்தி ஓர் இதழைக் கூடுதலாகப் பின்னிவிட முடியாது.

ஆறாவது இதழ் மற்ற ஐந்தையும்விட நேர்த்தியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மதினி, என் துணியத் தொட்டீகளா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பஞ்சம்மாள் அவள் புருஷனின் அக்கா. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

"உன் துணியத் தொட்டு எனக்கு என்ன ஆகப்போகுது? கண்ணுல பொறை விழுந்து கெடக்கேன். கல்லு எது அரிசி எதுன்னு தெரியாமத்தான் உனக்குச் சோறு பொங்கிப் போடுதேன். பல்லுல தெரியலையா?"

தெரிந்திருந்தது. ஆனாலும் கற்பகவல்லி அந்தப் பதிலை நம்பவில்லை. கண் தெரியாதவள் போன வாரம் அடுத்த தெருவில் யார் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் இறங்கியது என்று கம்பெனிப் பெயரோடு சொன்னவள்.

கற்பகவல்லி பதினோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னியவள். போன சீசனில் பக்கத்து ரூம் வெடித்துப் போனது. ஒற்றைச் செருப்போடு பொட்டலில் ஓடி நின்று திரும்பிப் பார்த்தபோது அந்த ரூம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அதன்பிறகு குக்கர் விசிலுக்குக்கூட அவள் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டாள். இனி அந்த கேட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தாள். ஆனால் புருஷன் ஜெயச்சந்திரன் லோடு வண்டியோடு வடக்கே போனால் வீட்டு ஞாபகத்தை வழியிலேயே இறக்கி வைத்துவிடும் ஆள். வாரத்துக்கு ஒருமுறை போர்மேன் செல்லப்பாண்டி போன் போட்டு, "என்னத்தா, பூத்தையல் படிச்சு முடிச்சிட்டியா? உன் எடம் அப்படியே காலியாத்தான் கெடக்கு" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த இடத்துக்குத் திரும்பாமல் இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி, திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் மாடியில் இருந்தது. 'சர்வதேசக் கைத்தையல் கலைக்கூடம்' என்று பெயர். சர்வதேசம் என்பதற்கு ஆதாரம், பழைய மாணவி ஒருத்தி மஸ்கட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தது. நடத்துபவர் கலைத்தாரகை டாக்டர் பிரீத்திகா. அந்த டாக்டர் பட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே காலையில் நூற்றுப்பத்துப் பேருக்கு வழங்கப்பட்டது. அங்கி பற்றாமல் மூன்று பேருக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எழுந்து நிற்கும் இதழ்த் தையலை மேடம் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்வார். அவர் போனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வாய் திறக்காமல் அதே தையலைப் போடும் வீடியோ இருந்தது என்பது வேறு விஷயம்.

விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் மஹ்ரீனுக்கு நிக்காஹ். சந்தன நிறத் துப்பட்டாவின் ஓரம் நெடுக நாற்பது பூ வேண்டும் என்று மஹ்ரீனின் அம்மா கைருன்னிசா மேடத்திடம் ஆர்டர் கொடுத்திருந்தார். மேடம் அதைக் கற்பகவல்லியின் மடியில் வைத்தார். "நல்லா முடிச்சிட்டீங்கன்னா, நீங்கதான் நம்ம கலைக்கூடத்துக்கு உதவிப் பேராசிரியர். மாசச் சம்பளம்." உதவிப் பேராசிரியரின் கடமைகளில் காலையில் மாடிப்படி கூட்டுவதும் அடக்கம். கற்பகவல்லிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மாடிப்படி வெடிக்காது.

அன்று அவள் துணியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிச்சரடில் ஊக்கோடு கோத்துக்கொண்டாள். பெட்டியின் மூடி மேல், பஞ்சம்மாள் பார்க்காத நேரத்தில், கோலமாவை மெல்லிசாகத் தூவிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மாவு தூவியது தூவியபடி இருந்தது. எறும்பு போன தடம்கூட இல்லை. உள்ளே மூன்றாவது பூவில் ஏழு இதழ்கள்.

கற்பகவல்லி பெட்டியை மறுபடி பூட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய், மோதிரம் பார்க்கும் சாக்கில் பஞ்சம்மாளின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரல் நுனியாகத் திருப்பினாள். ஊசி குத்தின தடம் எதுவும் இல்லை. பூண்டு வாசனை மட்டும்.

"என்ன, கைரேகை பாக்கியா?" என்றாள் பஞ்சம்மாள். "நான் எப்பப் போவேன்னு அதுல போட்டிருக்காது."

சந்தேகம் இப்போது பஸ் ஏறித் திருத்தங்கல் போனது. வெள்ளிக்கிழமைதோறும் துணியை 'தரப் பரிசோதனை'க்கு என்று வாங்கி வைத்துச் சனிக்கிழமை திருப்பித் தருகிறார் மேடம். இதழ்களைக் கூட்டிவைப்பது அவராக இருந்தால்? பாதி வேலை என்னுடையது, உனக்கு எதற்கு வேலை என்று கடைசியில் கையை விரித்துவிட்டால்? அப்படிச் செய்யக்கூடியவர்தான். பஸ்ஸில் துணிப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வந்த அச்சு மை வாடையையும் சூடான தார் வாடையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு, மேடத்திடம் எப்படிக் கேட்பது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தபோது, பைக்குள்ளிருந்து ஏதோ அவள் தொடையை மெதுவாகத் தள்ளியது. சந்தையில் வாங்கிய கோழிக்குஞ்சு பைக்குள் காலை மாற்றி வைப்பதுபோல. ஒரே ஒரு தடவை.

ரோட்டில் பள்ளம், என்று அவள் சொல்லிக்கொண்டாள். பஸ் அப்போது நின்றிருந்தது.

கலைக்கூடத்தில் கீழே அச்சு எந்திரம் ஓடுகிற ஓட்டம் தரை வழியாக உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. மேடம் ஒரு ரீல்ஸை முடித்துவிட்டு, சிரிப்பை இறக்காமலேயே துணியை வாங்கி விரித்தார்.

"மேடம், இதுல நீங்க ஏதும் கூடப் போட்டீகளா? அஞ்சு இதழ்தான் சொன்னீக. இப்ப ஆறு, ஏழுன்னு கெடக்கு."

மேடத்தின் புருவம் ஒரு நொடி உயர்ந்தது. அந்த ஒரு நொடியில் கற்பகவல்லிக்குத் தெரிந்துவிட்டது, மேடம் இதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"கலைன்னா வளரணும் கற்பகம்," என்றார் மேடம். "இதுக்குப் பேரு மல்டி லேயர். நான்தான் இந்த டெக்னிக்கை அறிமுகப்படுத்துறேன்."

தன்னுடையது அல்லாத எதையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் ஒருத்தியிடம் உண்மையை எப்படிக் கறப்பது. கற்பகவல்லி துணியைத் திரும்ப வாங்கி, வாரக்கணக்கில் பார்க்காத அதன் பின்பக்கத்தைப் பிரித்தாள்.

ஒவ்வோர் இதழ் முடிந்ததும் பின்னால் முடிச்சுப் போட்டு நூலை அறுக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அங்கே முடிச்சு ஒன்றுகூட இல்லை. சிவப்பு நூல் இதழிலிருந்து இதழுக்கும், பூவிலிருந்து அடுத்த பூவுக்கும், துப்பட்டாவின் ஓரம் நெடுக ஒரே கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கைதான் அப்படிச் செய்திருந்தது. சரவெடியில் ஒவ்வொரு வெடியின் திரியையும் நடுத்திரியோடு சேர்த்துப் பின்ன வேண்டும். இடையில் நடுத்திரி அறுந்தால் நெருப்பு அங்கேயே நின்றுவிடும், சரம் முழுக்கக் கழிவு. அறுத்தவளுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. பதினோரு வருடம் அறுக்காமல் பின்னிப் பழகிய கை, இங்கேயும் அறுக்கவில்லை.

"மேடம், நான் எங்கயுமே நூலை அறுக்கல. எல்லாப் பூவும் ஒரே நூல்ல கெடக்கு. பிரிச்சிட்டு மறுபடி போடட்டுமா?"

"நிக்காஹ் ஞாயித்துக்கிழமை. பின்பக்கத்தை யாரு பாக்கப்போறா? லைனிங் வெச்சு மூடிருவோம். முன்பக்கம்தான் போட்டோல வரும்."

"இல்ல மேடம். நூலு…"

"ஒரே நூல்னா ஸ்ட்ராங்காத்தானே இருக்கும்?"

அவள் சொல்ல வந்தது அது இல்லை. முதல் நாள் மேடம் கொடுத்த நூற்கண்டு பைக்குள் இருந்தது. அதிலிருந்து ஒரு கை நீளம் எடுத்து ஊசியில் கோத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. ஓர் இதழுக்கே அந்த நீளம் சரியாகப் போகும். கண்டை எடுத்துப் பார்த்தாள். அது அன்றைக்கு இருந்த தடிமனிலேயே இருந்தது.

இரண்டாவது தடவை ஊசியில் நூல் கோத்தது எப்போது என்று யோசித்தாள்.

கோக்கவே இல்லை.

சனிக்கிழமை. கலைக்கூடத்தில் லைனிங் தைத்து முடித்து, ஒரு பக்க ஓரத்தை மட்டும் மடித்துத் தைப்பதற்காகத் துணி வீட்டுக்கு வந்திருந்தது. பஞ்சம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்கே வானம் இருட்டி, மழை வருமா வராதா என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ஃபேன் சத்தத்துக்கு அடியில் இத்தனை நேரமும் இன்னொரு சத்தம் இருந்திருக்கிறது. இப்போது அது தனியாகக் கேட்டது. இழைமேல் இழை உரசி இறுகும் சத்தம். சின்னதாக ஓர் இழுப்பு. நிறுத்தம். மறுபடி ஓர் இழுப்பு. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அவள் கைகளோ சும்மா மடியில் கிடந்தன.

சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

அவள் பூட்டைத் திறந்தாள். சத்தம் நின்றது. துப்பட்டாவைப் பாயில் நீளமாக விரித்தாள். பூக்கள் நாற்பதும் எழுந்து நின்றன. எண்ண வேண்டாம் என்று நினைத்தாள். கடைசிப் பூவின் ஓர் இதழை விரலால் மெல்லத் தொட்டாள்.

பாயின் மறுகோடியில் முதல் பூவின் இதழ் குனிந்தது.

கத்தரிக்கோல் ஜன்னல் விளிம்பில் இருந்தது. எட்டி எடுத்தாள். லைனிங்கின் திறந்த ஓரத்துக்குள் கையை விட்டு, இரண்டு பூக்களுக்கு நடுவே ஓடும் நூலைத் தேடிப் பிடித்தாள். நூல் வெதுவெதுப்பாக இருந்தது. கத்தரியின் வாயை அதன்மேல் வைத்தாள்.

இதழ்கள் அத்தனையும் ஒரே அசைவில் துணியோடு படுத்துக்கொண்டன.

கம்பெனியில் யாராவது ஒருத்தி கத்தினால் ரூமில் இருக்கும் நாலு பேரும் அப்படித்தான் தரையோடு படுப்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர்களாக.

அறுக்க வேண்டும். ஒரு வெட்டு. அவ்வளவுதான். கை நகரவில்லை. நூலை அறுத்தால் பூக்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துவிடும். நாளைக்கு மண்டபத்தில் கொடுக்கத் துப்பட்டா இருக்காது. வேலை இருக்காது.

போன் அடித்தது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

"என்னத்தா," என்றான் செல்லப்பாண்டி. "ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. திங்கக்கெழம காலைல வந்துருதியா? உன் எடத்துல வேற ஆள உக்கார வைக்க எனக்கு மனசு வரலை."

கற்பகவல்லி பாயைப் பார்த்தாள். படுத்திருந்த இதழ்கள், கேட்டுக்கொண்டிருப்பதுபோல, அரை உயரத்துக்கு எழுந்திருந்தன.

"இல்லண்ணே," என்றாள். "எனக்கு வேலை கெடச்சிருச்சு."

கத்தரிக்கோலை ஜன்னல் விளிம்பில் திரும்ப வைத்தாள். உட்கார்ந்து, மிச்சமிருந்த ஓரத்தை ஒழுங்காக மடித்துத் தைத்து மூடினாள். நூல் நுனி எதையும் வெளியே விடவில்லை. இருமுறை தடவிப் பார்த்தாள்.

விருதுநகர் மண்டபத்தில் பெண்கள் பகுதி அத்தரும் பிரியாணியும் ரோஜாவும் கலந்த வாசனையில் நிரம்பியிருந்தது. கைருன்னிசா துப்பட்டாவைக் கையில் வாங்கி, "மாஷா அல்லாஹ், தொட்டா உசிரோட இருக்க மாதிரில இருக்கு" என்றார். மஹ்ரீன் தலையில் அதைப் போட்டு ஊக்குக் குத்தினார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வந்தார்கள். ஒவ்வொருத்தி தொட்டபோதும் கற்பகவல்லி மறுகோடியைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதான் பின்னுனீங்களா?" என்று மஹ்ரீன் அவளிடம் கேட்டாள். "அழகா இருக்குக்கா. கொஞ்சம் பாரமா இருக்கு. யாரோ பின்னாடி நின்னு தோள்ல கை போட்ட மாதிரி."

கற்பகவல்லி வாயைத் திறப்பதற்குள் மேடம் நடுவே வந்து நின்றார். பட்டுப்புடவை, கழுத்தில் கலைத்தாரகை மெடல். "டிசைன், கான்செப்ட் எல்லாம் நம்மளுது," என்று வீடியோக்காரப் பெண்ணிடம் சொன்னார். "இவங்க கற்பகவல்லி. நம்ம கலைக்கூடத்தோட உதவிப் பேராசிரியர்."

சொல்லிவிட்டார். கேமரா முன்னால், நாற்பது பேர் கேட்க. கற்பகவல்லிக்குக் காது சூடாகியது. இனி அந்த கேட் இல்லை. செல்லப்பாண்டி இல்லை. அவள் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றாள்.

"அடடா, இங்க ஒரு பிசிறு," என்றார் மேடம்.

மஹ்ரீனின் இடது தோளில், கடைசிப் பூவுக்குப் பக்கத்தில், ஓர் அங்குல நீளத்துக்குச் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கற்பகவல்லி விடாத நூல்.

"எப்பவுமே ஃபினிஷிங் டச் குரு கையாலதான் இருக்கணும்," என்று மேடம் கேமராவைப் பார்த்துச் சொன்னார். கத்தரி கேட்டார். யாரிடமும் இல்லை. தையல்காரிகள் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். குனிந்தார். நூலைப் பல்லில் பிடித்தார்.

கடிக்காதீக.

வார்த்தை கற்பகவல்லியின் தொண்டை வரைக்கும் வந்தது. கத்தினால் எல்லாரும் திரும்புவார்கள். ஏன் என்று கேட்பார்கள். என்னத்தைச் சொல்வது. உதவிப் பேராசிரியர். மாசச் சம்பளம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நறுக்கென்று ஒரு சத்தம்.

வலது பக்கம், தரையில் புரண்ட முனையில், முதல் பூ மூடிக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. அவள் பின்னிய வரிசையில். திரியில் நெருப்பு ஓடும் வேகத்தில். சத்தமில்லாமல். முழங்கை. தோள். தலையைச் சுற்றி. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது தோள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பது.

மேடம் குனிந்தபடியே இருந்தார்.

"மேடம், சூப்பர்," என்றாள் வீடியோக்காரப் பெண். "அப்படியே இங்க பாருங்க. சிரிங்க."

மேடம் நிமிர்ந்தார். கேமராவைப் பார்த்தார். மெடலைச் சரிசெய்துகொண்டார். எல்லா ரீல்ஸிலும் தொடங்குவதுபோல 'வணக்கம்' சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், நெருக்கமாக, பிசிறில்லாமல் நெய்த ஒரு சிவப்பு இதழ், அடியில் மட்டும் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்று, கூட்டத்தில் யாரையோ தேடி, கற்பகவல்லியின் பக்கம் திரும்பியது.